கர்ட்டின்–மர்டாக் மாதிரியோடு சில வருடங்கள்: கிளாம்ப் பற்றி ஒரு புலம்பல்

நானோவயர் (சில பத்து நானோமீட்டர் தடிமனுள்ள கம்பி) வளைவதைக் கணக்கிட கர்ட்டின்–மர்டாக் மேற்பரப்பு மாதிரியைப் போடலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். வாட்ஸப்பில் இரண்டு வரியில் முடிகிற பதில் இல்லை, அதனால் இங்கே. மாதிரி 1975இல் வந்தது, திடப்பொருளின் மேல் தடிமனே இல்லாத ஒரு தோல், அதற்குத் தனித் தகைவு, தனி மீட்சிக் குணகம். இதெல்லாம் தெரியும் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

கோடில் எழுத இவ்வளவு சுகமான மாதிரியை நான் பார்த்ததில்லை. வீக் ஃபார்மில் (சமநிலைச் சமன்பாட்டின் தொகையீட்டு வடிவம்) ஒரே ஒரு மேற்பரப்புத் தொகையீடு சேர்த்தால் போதும். சதுர வயரில் இரண்டு முகங்கள் கூடும் விளிம்பில் விசைச் சமநிலையைத் தனியாக எழுதவே வேண்டாம், நோடுகள், அதாவது மெஷ் எனும் கணக்கீட்டு வலையின் புள்ளிகள், இரண்டு முகத்துக்கும் பொது என்பதால் தானாக வந்துவிடும். அந்த இடம் இன்றும் எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

எரிச்சல் எல்லாம் கிளாம்பில்தான், அதாவது வயரின் முனையைப் பிடித்து நிறுத்தும் இடத்தில்.

50 நானோமீட்டர் விட்டம், 1 மைக்ரான் நீளம், தங்க வயர். யங் குணகம் 79 கிகாபாஸ்கல். மேற்பரப்பு மீட்சிக் குணகம் மீட்டருக்கு 8 நியூட்டன், மீதத் தகைவு (வளைக்காதபோதும் தோலில் இருக்கும் இழுப்பு) மீட்டருக்கு 1 நியூட்டன் என்று வைத்துக்கொள்வோம். தோலின் மீட்சியால் வளைவு விறைப்பு கூடுவது வெறும் 1.6 சதவீதம். ஒரு முனை சும்மா இருந்தால் தோல் இழுக்க, உள்ளே இருப்பது அமுங்க, மொத்த அச்சு விசை பூஜ்யமாகிவிடும், அதனால் மீதத் தகைவு விறைப்பை மாற்றாது. கர்ட்டின், மார்க்கென்ஸ்காஃப், தர்ஸ்டன் மூவரும் 1976லேயே இதைச் சொல்லிவிட்டார்கள். சரி, இரண்டு முனையையும் பிடித்தால்? வயர் சுருங்கி முடித்த பிறகு பிடித்தால் அதே 1.6தான். சுருங்கும் முன்பே பிடித்தால் இழுவிசை உள்ளேயே மாட்டிக்கொள்கிறது, நடுவில் அழுத்திப் பார்க்கும்போது விறைப்பு கூடுதலாக 16 சதவீதம் போல ஏறுகிறது! வயர் அதே, தோல் அதே, எப்போது பிடித்தோம் என்பது மட்டும்தான் வேறு.

இதை மாதிரி சொல்லாது, நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் இருக்கும் வணிக மென்பொருளில் முதல் படியில் போட்ட எல்லை நிபந்தனை (இங்கே, முனைகளைப் பிடிப்பது) கேட்காமலே எல்லாப் படிகளுக்கும் போய்விடும், ஆக கவனிக்காதவருக்கு எப்போதும் அந்த 16தான் கிடைக்கும், அவரும் அதை மேற்பரப்பு விளைவு என்று கட்டுரையில் எழுதிவிடுவார். படிக்கும்போதே கோபம் வருகிறது.

நியாயமாகப் பார்த்தால் மாதிரியின் மேல் குற்றம் இல்லை. சோதனையிலும் இதே கதைதான். கேன்டிலீவர், அதாவது ஒரு முனை மட்டும் பிடித்த வயரின் விறைப்பு நீளத்தின் மூன்றாம் அடுக்குக்குத் தலைகீழாகப் போகிறது, பிடிமானம் எங்கே தொடங்குகிறது என்பதில் 3 சதவீதம் தவறினால் விறைப்பில் 9 சதவீதம் போச்சு. நாம் தேடிக்கொண்டிருப்பதோ அந்த 1.6!

அதனால் நண்பருக்கு என் பதில், இப்போதைக்கு வேண்டாம். இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்வது முரண்தான், ஆனால் போன வாரம் முழுக்க கிளாம்ப் பக்கத்து மெஷ்ஷோடு மல்லுக்கட்டியவனிடம் கேட்டால் வேறு என்ன வரும்? முதலில் தோலே இல்லாமல், கிளாம்பை மட்டும் விறைப்புள்ள ஸ்பிரிங்காக வைத்து ஓட்டிப் பாருங்கள். உங்கள் அளவீட்டில் உள்ள வித்தியாசம் அதிலேயே வந்துவிட்டால் கர்ட்டின்–மர்டாக் பக்கமே போக வேண்டியதில்லை. அதையும் தாண்டி ஏதாவது மிஞ்சினால் கூப்பிடுங்கள், என் கோடை அனுப்புகிறேன்.