ஜவ்வு விலகலுக்கு எபிடியூரல் ஊசி: எங்கள் அனுபவம்

இடுப்பில் எல்4–எல்5 ஜவ்வு (இடுப்பு முதுகெலும்பின் நான்காம், ஐந்தாம் எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு) பிதுங்கி நரம்பை அழுத்தியதால் இடது கால்வரை இழுத்த வலிக்கு, அறுவை சிகிச்சையைத் தள்ளிவைத்து, மதுரையில் உள்ள ஒரு வலி நிவாரண மருத்துவமனையில் என் அம்மாவுக்கு எபிடியூரல் ஸ்டீராய்டு ஊசி (தண்டுவட உறையைச் சுற்றிய இடத்தில் அழற்சி தணிக்கும் மருந்தைச் செலுத்துவது) போட்டோம். குப்புறப் படுக்கவைத்துத் தோலை மரத்துப்போகச் செய்து, சி-ஆர்ம் எக்ஸ்ரே திரையில் ஊசிமுனையைப் பார்த்தபடியே செலுத்திய மருத்துவர், சாய மருந்து நரம்போரமாக மெல்லிய கோடாகப் பரவிய படத்தைப் பின்னர் எங்களுக்கும் காட்டி விளக்கியது பெரும் நம்பிக்கை தந்தது. அன்று மாலையே வீடு திரும்பினோம்.

அடுத்த வாரத்துக்குள் கால்வலி நன்றாகத் தணிந்து, அதுவரை செய்ய முடியாதிருந்த பிசியோதெரபி பயிற்சிகளை அம்மா தொடங்கினார்; இந்த ஊசியின் உண்மையான பயன் அதுவே என்பது என் கருத்து, ஏனெனில் இது நரம்பைச் சுற்றிய அழற்சியைக் குறைக்குமே தவிர பிதுங்கிய ஜவ்வை உள்ளே தள்ளாது, நிவாரணமும் பெரும்பாலும் சில வாரங்களோ மாதங்களோதான் நீடிக்கும்.

ஒரு பெருங்குறை உண்டு. ஸ்டீராய்டால் சில நாட்களுக்குச் சர்க்கரை ஏறும் என்பதை நீரிழிவு உள்ள அம்மாவிடம் யாரும் முன்கூட்டியே சொல்லவில்லை. அரிதாகப் பக்கவாதம், பார்வையிழப்பு போன்றவை நேரலாம் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2014இல் எச்சரித்திருக்கும் நிலையில், ஒப்புதல் படிவத்தில் வெறும் கையெழுத்து வாங்குவது போதாது. சிறுநீர் கட்டுப்பாடு இழந்தாலோ பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ, ஊசிக்குக் காத்திராமல் உடனே அறுவை மருத்துவரிடம் செல்லுங்கள்.