கிரீன் டீயும் என் கொழுப்புக் கணக்கும்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குள் கிரீன் டீ நுழைந்து இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிறது. ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு (எல்டிஎல்) 158, ரத்தத்தில் உள்ள இன்னொரு வகைக் கொழுப்பான டிரைகிளிசரைடு 214 என்று வந்தது. மூன்று மாதம் சாப்பாட்டைச் சீர்செய்து பாருங்கள், அப்புறம் மாத்திரையைப் பற்றிப் பேசலாம் என்றார் மருத்துவர். கிரீன் டீ என் மைத்துனியின் யோசனை.

முதலில் சுவை. நூல் கட்டிய பைகளில் பெரும்பாலும் தூள்தான். கொதிக்கக் கொதிக்க நீரை ஊற்றினால் கஷாயம். குன்னூர்ப் பக்கத்து முழு இலை வேறு ரகம். நீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து, சற்று ஆறவிட்டு இலையைப் போட வேண்டும். சுருண்டு கிடந்த இலை விரிந்து, நீர் இளமஞ்சளாக மாறும்போதே வடிகட்டிவிட்டால் நாக்கு தப்பிக்கும். பழுப்பேறிவிட்டதோ, தேன் ஊற்றினாலும் தேறாது.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் எல்டிஎல் 151. வீட்டில் கொண்டாட்டம்தான். மருத்துவர் சிரித்துவிட்டு, "இந்த ஏழு புள்ளி, பரிசோதனைக்குப் பரிசோதனை வருகிற வித்தியாசமாகவும் இருக்கலாம்" என்றார். கிரீன் டீயில் உள்ள கேட்டச்சின்கள் என்ற வேதிப்பொருள்கள் குடலில் கொழுப்பு உறிஞ்சப்படுவதை ஓரளவு தடுக்கின்றன. ஆனால் ஆய்வுகளில் எல்டிஎல் குறைந்ததும் சராசரியாகச் சில புள்ளிகள்தான். ஜப்பானின் மியாகி பகுதியில் 40,000-க்கும் மேற்பட்டோரைப் பல ஆண்டுகள் கவனித்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், தினமும் ஐந்து கோப்பையும் அதற்கு மேலும் குடித்தவர்களிடம் இதய, ரத்தக்குழாய் நோய் மரணங்கள் குறைவாக இருந்தன. அதற்கு டீ மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. அவர்கள் ராத்திரியில் பரோட்டா சால்னா சாப்பிடுகிறவர்கள் இல்லையே!

எனக்கு உண்மையில் இறங்கியது டிரைகிளிசரைடு: 214-லிருந்து 162. அந்தப் பெருமை இலைக்குச் சேராது. இரண்டு கரண்டிச் சர்க்கரை போட்ட பால் டீ மூன்று வேளையும் நின்றது. கூடவே மாலை பஜ்ஜியும் போனது. கிரீன் டீயோடு பஜ்ஜி எப்படியும் ஒட்டாது. தெருமுனை டீக்கடைக்காரர் மட்டும், "என்ன சார், நம்ம கடை டீ கசந்துவிட்டதா?" என்று இன்னும் கேட்கிறார்.

பிறகு கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டின் மாத்திரையை 10 மில்லிகிராம் அளவில் தொடங்கினேன். எல்டிஎல் 96-க்கு வந்தது. டீயை நம்பி மாத்திரையை நிறுத்த நினைப்பவர்கள் இந்த எண்ணைப் பார்த்துக்கொள்ளட்டும்.

வெறும் வயிற்றில் குடித்தால் எனக்கு நெஞ்செரிச்சல். ரத்தசோகைக்கு இரும்புச்சத்து மாத்திரை எடுக்கும் என் மகள், அந்த நேரத்தில் இதைத் தொடுவதில்லை. டீ இரும்பு உடலில் சேர்வதைக் குறைக்கும். நாடலால் (ரத்த அழுத்த மாத்திரை), வார்ஃபரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை) சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே தொடங்க வேண்டும். உடல் இளைக்க என்று விற்கும் கிரீன் டீ சாற்று மாத்திரைகள் பக்கமே போக வேண்டாம். அவற்றால் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் உண்டு.

சர்க்கரை போட்ட பால் டீயை நிறுத்த வழி தேடுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஏற்கெனவே சர்க்கரை இல்லாமல் கடுந்தேநீர் குடிப்பவர் இதற்கென்று தனியாகக் காசு செலவழிக்க வேண்டியதில்லை.