மூக்குக்குக் கான்டூர்: நீண்ட நாள் பயன்படுத்திய பின் எழுதுவது

நிழல் விழுந்ததுபோல் தோன்றப் பூசும் பழுப்பு ஒப்பனைதான் கான்டூர். மூக்கைச் சிறியதாகக் காட்டுவதற்குத்தான் அது என்று நினைத்துத் தொடங்குகிறவர்களே அதிகம். சில ஆண்டுகளாக அதைத் தொடர்ந்து பயன்படுத்திவருகிற எனக்கு அப்படித் தோன்றவில்லை. முகத்தை ஒரே நிறமாக்கும் அடிப்பூச்சான ஃபவுண்டேஷனைப் பூசியதும் தோலில் இயல்பாக இருந்த நிற ஏற்றத்தாழ்வுகள் மறைந்து, முகம் ஒரே தட்டாகத் தெரிகிறது. கண்ணும் உதடும் மையாலும் சாயத்தாலும் திரும்பவும் எடுப்பாகிவிடுகின்றன. மூக்குக்கு அந்த வாய்ப்பு இல்லை. அது இழந்த நிழலை, இருந்த இடத்தில், இருந்த அளவுக்குத் திருப்பிக் கொடுப்பதுதான் கான்டூரின் வேலை. அதற்கு மேல் ஆசைப்பட்டால் மூக்கு சிறுக்காது, இருபுறமும் இரண்டு பழுப்புக் கோடுகள்தான் மிஞ்சும். ஃபவுண்டேஷன் போடாத நாளில் நான் மூக்கைத் தொடுவதே இல்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பிரஷ்ஷைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்கு நிறத்தைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. ஆனால் நிறத்தில்தான் எல்லாமே இருக்கிறது. ஒப்பனைப் பொருள்களின் பழுப்பு நிறங்கள் பெரும்பாலும் இரும்பு ஆக்சைடுகளின் கலவை: சிவப்பு, மஞ்சள், கறுப்பு. சிவப்பும் மஞ்சளும் கூடினால் வெயிலில் காய்ந்த தோலின் சாயல் வரும், அது பிரான்சர். கறுப்பு சற்றுக் கூடினால் நிழலின் சாயல் வரும், அது கான்டூர். பிரான்சரை மூக்கின் பக்கங்களில் தடவினால் நிழல் விழுந்ததுபோல் இருக்காது, அந்த இடம் மட்டும் சிவந்திருப்பதுபோல்தான் இருக்கும். வெளிர்ந்த தோலுக்காகச் செய்த சாம்பல் கலந்த நிறத்தை மாநிறத் தோலில் தடவினால் திருநீறு படிந்ததுபோல் வெளுத்து நிற்கும். மாநிறம், கருநிறம் உள்ளவர்கள் சாம்பலும் சிவப்பும் தூக்கலாக இல்லாத நடுத்தரப் பழுப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபவுண்டேஷனைவிட ஒரு படி, மிஞ்சிப்போனால் இரண்டு படி அடர்த்தி போதும். கன்னத்துக்குச் சரியாக இருக்கிற நிறம் மூக்குக்கு அடர்த்தியாகத் தெரிவதுண்டு, ஏனென்றால் மூக்கு முகத்தின் நட்டநடுவில் இருக்கிறது. எதிரில் நிற்பவரின் பார்வை முதலில் அங்கேதான் போகிறது.

மினுமினுப்பு துளிகூட இருக்கக் கூடாது. நிழல் ஒருபோதும் மின்னாது.

குச்சி வடிவக் கிரீம், திரவம், பவுடர் என மூன்றையும் போதுமான காலம் பயன்படுத்தியிருக்கிறேன். மூக்கைப் பொறுத்தவரை பவுடர் பக்கம்தான் நான். முகத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் நெருக்கமாக உள்ள இடங்களில் மூக்கு ஒன்று. கிரீமின் எண்ணெயும் தோலின் எண்ணெயும் சேர்ந்து, மதியத்துக்குள் நிறம் மூக்குமடலின் மடிப்பில் வந்து தேங்கிவிடுகிறது. கிரீம் காலையில் தருகிற அழகைப் பவுடரால் தர முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்; தோலோடு தோலாக அது உருகிச் சேர்கிற விதமே தனி. வறண்ட தோல் உள்ளவர்களும், இரண்டு மூன்று மணி நேர நிகழ்ச்சிக்கு ஒப்பனை செய்துகொள்கிறவர்களும் கிரீமையே எடுக்கலாம். ஆனால் குச்சியை மூக்கில் நேரடியாக இழுக்க வேண்டாம். அதன் முனை மூக்குத்தண்டைவிட அகலம். புறங்கையில் தேய்த்து, அங்கிருந்து சிறிய பிரஷ்ஷால் எடுத்து வைப்பதே பாதுகாப்பு. திரவ வகை சட்டென்று உலர்ந்துவிடுகிறது. விளிம்பு தெரியாதபடி பரப்பி இழைப்பதற்கு நேரம் தராததால் கை பழகும்வரை அது வேண்டாம்.

எதை எதன்மேல் வைப்பது என்பதில் ஓர் ஒழுங்கு உண்டு. கிரீம் கான்டூர் என்றால் பவுடர் போடுவதற்கு முன், ஈரப்பசையுள்ள ஃபவுண்டேஷன்மேல். பவுடர் கான்டூர் என்றால் முகத்துக்கு மெல்லிதாகப் பவுடர் ஒற்றிய பின். இதை மாற்றிச் செய்தால் பவுடர்மேல் கிரீம் திட்டுத்திட்டாக ஒட்டிக்கொள்கிறது.

இடம் எது என்பதை விரலால் தடவிப் பார்த்தாலே தெரியும். மூக்குத்தண்டின் மேல்தளம் முடிந்து பக்கச்சரிவு தொடங்குகிற விளிம்பு இருக்கிறதல்லவா, அந்த விளிம்புக்குச் சற்று வெளியே, சரிவின்மேல்தான் நிழல். பலர் அதைத் தண்டின் மேலேயே போட்டுவிடுவதால்தான் மூக்கு பென்சிலாகத் தெரிகிறது. நான் கண்ணிமைக்குப் பயன்படும் சிறிய, நுனி குவிந்த பிரஷ்ஷில் பவுடரைத் தொட்டு, கையில் ஒருமுறை தட்டி உதிர்த்துவிட்டு, புருவம் தொடங்கும் இடத்துக்குக் கீழுள்ள குழிவிலிருந்து ஆரம்பிக்கிறேன். இந்தத் தொடக்கப்புள்ளி முக்கியம். நிழல் புருவத்தோடு சேர்ந்தால்தான் எலும்பின் அமைப்பாகத் தெரியும். மூக்கின் பாதியில் திடீரென்று தொடங்கினால் வரைந்தது வரைந்ததாகவே நிற்கும். மேலே கொஞ்சம் நிறம், கீழே வர வரக் குறைவு. பிறகு நிறம் எதுவும் எடுக்காத வேறொரு பஞ்சுபோன்ற பிரஷ்ஷால் கன்னத்தை நோக்கி இழைக்க வேண்டும். தண்டை நோக்கி இழைக்கக் கூடாது. உள்விளிம்பு சற்றுத் தெளிவாக இருக்கலாம், வெளிவிளிம்பு எங்கே முடிந்தது என்றே தெரியக் கூடாது. அவசரம் இருந்தால் நிறம் வைப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள், இழைக்கிற நேரத்தைக் குறைக்காதீர்கள்.

நடுவில், மினுங்கி வெளிச்சம் காட்டும் ஹைலைட்டருக்குப் பதில், ஃபவுண்டேஷனைவிட ஒரு படி வெளிறிய கன்சீலரை (தழும்பு, கருவளையம் மறைக்கும் பூச்சு) மிக ஒடுக்கமான கோடாக வைத்து விரல்நுனியால் ஒற்றுவதையே பரிந்துரைப்பேன். அந்தக் கோட்டின் அகலம்தான் மூக்குத்தண்டின் அகலமாகக் கண்ணுக்குப் படுகிறது. உண்மையில் மூக்கு ஒடுங்கித் தெரிவதற்கு நிழலைவிட இந்த வெளிச்சக் கோடுதான் அதிகம் உதவுகிறது. கை நடுங்குகிறவர்கள் ஆரம்பத்தில் நிழலே இல்லாமல் இதை மட்டும் செய்து பழகலாம். கன்சீலர் ஈரமானது என்பதால் இதையும் பவுடருக்கு முன்பே முடித்துவிட வேண்டும். எண்ணெய் வழியும் மூக்கில் மினுங்கும் ஹைலைட்டர் சேர்ந்தால் வியர்த்ததுபோல் இருக்கும். நுனியில் ஒரு பொட்டு வெளிச்சம் வைக்கிறவர்கள் அதைத் தண்டின் கோட்டோடு இணைக்காமல் சிறிது இடைவெளி விட்டால் மூக்கு நீளாமல் தெரியும். நீளமான மூக்கைக் குறைத்துக் காட்ட நுனிக்கு அடியில் ஒரு தொடுகை நிழல் போதும். மூக்குமடல்களுக்கு நிழல் வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. பேசும்போதும் சிரிக்கும்போதும் அந்த இடம் அசைந்துகொண்டே இருப்பதால் எந்தப் பொருளும் அங்கே நிலைத்து நிற்பதில்லை. மூக்கு ஒரு பக்கம் வளைந்திருந்தால் வளைவைப் பின்பற்றாமல், கன்சீலர் கோட்டை நேராக இறக்கி, நிழலை அந்தக் கோட்டுக்கு ஏற்ப வைக்க வேண்டும். இந்த முழு விஷயத்திலும் கான்டூர் உண்மையிலேயே வியக்கவைக்கிற இடம் அதுதான்.

இனி, தொடங்குகிறவர்களை அதிகம் மனம் நோகச் செய்கிற விஷயத்துக்கு வருகிறேன். ஒப்பனை முடிந்ததும் கைப்பேசியை முகத்தருகே பிடித்துப் படம் எடுத்து, மூக்கு இன்னும் பெரிதாக இருக்கிறதே என்று மேலும் மேலும் நிறம் ஏற்றுகிறார்கள். அந்தப் படத்தை நம்பவே கூடாது. 2018-ல் அமெரிக்காவின் முக அறுவைசிகிச்சை இதழ் ஒன்றில் வெளியான கணக்கீடு, சுமார் 12 அங்குலத் தூரத்தில் எடுக்கும் படத்தில் மூக்கின் அடிப்பகுதி ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்றும், 5 அடி தூரத்தில் அந்த மிகைத்தோற்றம் ஏறக்குறைய இல்லாமல் போய்விடும் என்றும் காட்டியது. கேமராவுக்கு மிக அருகில் இருக்கிற உறுப்பு மூக்குதான். காதும் கன்னமும் அதைவிடத் தள்ளி இருக்கின்றன. தூரத்தின் விகிதம் செய்கிற வேலைக்கு உங்கள் மூக்கும் உங்கள் பிரஷ்ஷும் பொறுப்பல்ல. கண்ணாடியிலிருந்து இரண்டு எட்டு பின்னால் போய், ஜன்னல் வெளிச்சம் நேராக முகத்தில் விழும்படி நின்று பாருங்கள். பிறர் நம்மைப் பார்ப்பது அந்தத் தூரத்தில்தான்.

வெளிச்சத்தையும் மறந்துவிடக் கூடாது. எதிரிலிருந்து வரும் வெளிச்சத்தில் கான்டூர் நன்றாக வேலை செய்கிறது. பக்கவாட்டு வெளிச்சத்தில் உண்மையான நிழல் ஒரு பக்கம் மட்டுமே விழும். நாம் வரைந்தது இரண்டு பக்கமும் இருக்கும். ஆகவே பகலில் வெளியே போகிற நாளில் பாதி அளவு. மேடைக்கும் ஃபிளாஷ் படத்துக்கும் சற்றுக் கூட்டலாம், ஏனென்றால் ஃபிளாஷ் நிழலை விழுங்கிவிடும். அதே ஃபிளாஷில் சிலிகா நிறைந்த வெள்ளைப் பவுடர் மூக்குத்தண்டில் வெளுப்பாகத் தெறித்து நிற்கும் என்பதால், படம் எடுக்கும் நாளில் அந்தப் பவுடரைத் தவிர்க்கிறேன்.

நாள் முழுவதும் நிலைக்குமா என்றால், நிலைக்காது. மூக்குக்கண்ணாடி அணிகிறவர்களுக்கு இரண்டு பட்டைகள் உட்காரும் இடத்தில் சில மணி நேரத்திலேயே அழிந்துவிடும். அவர்கள் புருவத்தருகே மட்டும் நிழல் வைத்துவிட்டு, பட்டைகள் படுகிற இடத்தை விட்டுவிடலாம். கண்ணாடிச் சட்டத்தின் நிழலே மீதியைப் பார்த்துக்கொள்ளும். எண்ணெய் துளிர்த்தால் துடைக்காமல், மெல்லிய காகிதத்தை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். அழிந்த இடத்தில் மேலும் பவுடர் ஏற்றினால் பொருக்குத் தட்டுகிறது.

கடைசியாக வாங்குவது பற்றி. மூக்குக்கு ஆகிற பவுடர் மிகக் குறைவு. டப்பியின் பின்புறம் திறந்த மூடி படத்துக்குள் 12 எம் அல்லது 24 எம் என்று இருப்பது, திறந்த பின் எத்தனை மாதம் பயன்படுத்தலாம் என்பதைக் குறிக்கும். என் டப்பியில் நடுவில் ஒரு சிறு பள்ளம் விழுவதற்கே அந்தக் காலக்கெடு நெருங்கிவிட்டது. கன்னத்துக்கும் தாடைக்கும் கான்டூர் போடுகிற பழக்கம் இல்லாதவர்கள் பல நிறங்கள் அடங்கிய பெரிய தொகுப்பாக வாங்க வேண்டாம். கண்ணிமைக்குப் பூசும் ஐஷேடோ தொகுப்பில் மினுமினுப்பில்லாத நடுத்தரப் பழுப்பு ஏதாவது இருந்தால் அதுவே மூக்குக்குப் போதும். நானும் இப்போது பெரும்பாலான நாள்களில் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.