பழியெல்லாம் உப்புக்காற்றின் மேல்: ‘புது’ ஹார்ட் டிஸ்க் வாங்குவோர் கவனத்திற்கு

வீட்டில் பாட்டுக்கென்று சர்வர் (பாட்டுகளையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்துவைத்து, மற்ற கருவிகளுக்குத் தரும் கணினிப் பெட்டி) வைக்க நினைக்கும் ராமநாதபுரம் மாவட்டத்துக்காரர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க் பொருத்திய சிறிய பெட்டி ஒன்றையும், பேக்கப்புக்கு, அதாவது பாதுகாப்பு நகலுக்கு என்று தனியாக ஒரு வெளி டிஸ்க்கையும் ராமநாதபுரம் நகரில் ஒரு கடையில் வாங்கினேன். மொத்தம் ரூ.40,000-ஐ ஒட்டி ஆனது. பெட்டிக்குள் இருந்த இரண்டும் புதியவை என்ற பெயரில் விற்கப்பட்ட பழைய டிஸ்க்குகள். மூன்றாவது, டிஸ்க்கே இல்லை.

அந்தச் சர்வரில் நான் வைத்திருந்தவை இணையத்தில் தட்டினால் கிடைக்கிற பாட்டுகள் மட்டுமல்ல. நாகூர் ஹனிபாவும் காருகுறிச்சியாரும் போனால் எங்காவது திரும்பக் கிடைப்பார்கள். பாம்பன் கரையில் வலை இழுக்கும்போது பாடுகிற அம்பாப் பாட்டுகளை என் மாமா டேப்ரிக்கார்டரில் பதிந்து வைத்திருந்தார். எங்கள் கோயில் திருவிழாக்களில் ஒலித்த நாகஸ்வரமும் உண்டு. அந்த கேசட்டுகளைப் பூஞ்சை துடைத்து, ஒவ்வொன்றாக ஓடவிட்டு, ஒலித்தரம் குறையாமல் சுருக்கி வைக்கும் ஃபிளாக் கோப்புகளாக மாற்றியிருந்தேன். கேசட் விஷயத்தில் குறுக்குவழி கிடையாது. ஒரு மணி நேர நாடாவை மாற்ற ஒரு மணி நேரம் உட்கார்ந்தே ஆகவேண்டும். சில நாடாக்கள் அந்தக் கடைசி ஓட்டத்தோடு அறுந்தும் போயின.

விற்கும்போது கடைக்காரர் பேசிய பேச்சு இன்னும் நினைவிருக்கிறது. “அண்ணே, இரண்டு டிஸ்க்கிலும் ஒரே சரக்குதான் இருக்கும். ஒன்று போனால் இன்னொன்று தாங்கும். பேக்கப் என்ற கவலையே உங்களுக்கு வேண்டாம்.” மிரர் என்பார்கள் இந்த ஏற்பாட்டை. ஒரு டிஸ்க் செத்தாலும் பாட்டு நிற்காது என்பது உண்மைதான். ஆனால் பேரப்பிள்ளை தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் அந்த நொடியே இரண்டிலும் அழியும். மின்னல் இறங்கினால் இரண்டும் சேர்ந்து கருகும். மிரரைப் பேக்கப் என்று சொல்லி விற்பவர் ஒன்று தொழில் தெரியாதவர், அல்லது தெரிந்தே ஏய்ப்பவர். இவர் எந்த வகை என்பது பின்னால்தான் தெரிந்தது.

பெட்டியை அவரே பூட்டி, “திறந்தால் வாரண்டி செல்லாது” என்று ஒரு ஸ்டிக்கரை ஒட்டிக் கொடுத்தார். பொங்கல் முடிந்து வாங்கியது. ஐப்பசி மழையில் ஒரு டிஸ்க் நின்றது. கடைக்குத் தகவல் சொன்னதும் வந்த பதில்: “மண்டபத்தில் வீடு, இரண்டு பக்கமும் கடல். உப்புக்காற்று அடித்துவிட்டது அண்ணே, அதற்கெல்லாம் வாரண்டி கிடையாது.” வேறொரு டிஸ்க்கை விலைக்கு வாங்கிப் போடச் சொன்னார். போட்டேன். புது டிஸ்க்குக்குச் சரக்கை மாற்றும் வேலை பாதியைத் தாண்டவில்லை, மிச்சமிருந்த பழையதும் படுத்துவிட்டது. இது தற்செயல் இல்லை. மாற்றும்போது மிச்சமுள்ள டிஸ்க்கை முதலிலிருந்து கடைசி வரை படித்தாக வேண்டும். அதுவரை தொடாத மூலைகளில் உள்ள கோளாறெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். இரண்டும் ஒரே வயதுக் கிழங்கள் என்றால் இரண்டாவதும் அந்த நேரம் பார்த்துக் கைவிடும்.

விடுமுறைக்கு வந்திருந்த தங்கை மகன் ஸ்டிக்கரைக் கிழித்து டிஸ்க்குகளை வெளியே எடுத்தான். திருகு போடும் துளைகளைச் சுற்றிப் பூச்சு தேய்ந்து பளபளத்தது, பலமுறை கழற்றி மாட்டியதற்கு அடையாளமாக. லேபிளில் தயாரிப்பு மாதம் அச்சிட்ட மூலை மட்டும் கத்தியால் சுரண்டப்பட்டிருந்தது. மாடல் எண்ணைத் தேடிப் பார்த்தால், கண்காணிப்புக் கேமராப் பதிவுக்கென்றே தயாராகும் வகை. கணினியில் மாட்டி ஸ்மார்ட் அறிக்கையை எடுத்தான். எல்லா ஹார்ட் டிஸ்க்கும் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பதிவேடு அது. அதில் 9 என்ற அடையாள எண் கொண்ட வரி, டிஸ்க் மொத்தம் ஓடிய மணி நேரம். 37,000-ஐத் தாண்டியிருந்தது. ஆண்டு முழுவதும் அணைக்காமல் ஓடினாலும் 8,760 மணிதான். “மாமா, இது நாலு வருடத்துக்கு மேல் ஓடிய சரக்கு” என்றான். நான் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. சீரியல் நம்பரைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டால் உத்தரவாதம் எப்போதோ முடிந்திருந்தது.

உப்புக்காற்று பொல்லாததுதான். டிஸ்க்கின் அடியில் உள்ள சர்க்யூட் பலகையின் செம்புப் புள்ளிகளை அது அரிக்கும், இணைப்பு முனைகளில் பச்சை பிடிக்க வைக்கும். ஆனால் எந்த உப்புக்காற்றும் மணிக்கணக்கை ஏற்றிவிடாது, லேபிளையும் சுரண்டாது.

அடுத்தது அந்த வெளி டிஸ்க். 2 டிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் சேமிக்கும் வகை), உலோக உறை, சாயம்போகாத அட்டைப்பெட்டி. கணினியில் மாட்டினால் 1.81 டிபி என்று காட்டும்; உண்மையான 2 டிபி டிஸ்க்கும் அப்படித்தான் காட்டும் என்பதால் சந்தேகமே வராது. பாட்டுகளை அதில் நகலெடுத்தபோது எந்தப் பிழையும் சொல்லவில்லை. பெயர்களெல்லாம் வரிசையாகத் தெரிந்தன, அளவும் சரி. சர்வர் போனபின் திறந்தால் முதலில் சில ஃபோல்டர்கள் பாடின, அதற்கப்பால் எதைத் தொட்டாலும் மௌனம் அல்லது கரகரப்பு. உறையைப் பிரித்தோம். உள்ளே விரலளவு பலகை, அதில் சொருகிய 64 ஜிபி மெமரி கார்டு, கார்டு ஆடாமலிருக்கப் பசைக்கட்டி. கனம் தெரிய ஓர் இரும்புத் துண்டு வேறு. அந்தப் பலகைக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். தன்னிடம் 2 டிபி இருக்கிறது என்று கணினியிடம் சொல்லும், இடம் தீர்ந்தபின் வருவதையெல்லாம் வாங்கிக்கொண்டு தொலைத்துவிடும்.

இதைக் கண்டுபிடிக்க உறையைப் பிரிக்க வேண்டியதில்லை. எஃப்3 என்ற இலவச நிரல், டிஸ்க்கை முழுக்க நிரப்பித் திரும்பப் படித்து உண்மை அளவைச் சொல்லிவிடும். பெரிய டிஸ்க்குக்கு ஓர் இரவு ஆகலாம், ஆகட்டும். ஃபிளாக் கோப்பு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. ஒவ்வொரு கோப்புக்குள்ளும் அதன் ஒலிக்கான சரிபார்ப்பு எண் ஒன்று பொதிந்திருக்கிறது. ஃபிளாக் நிரலையே சோதிக்கச் சொன்னால், பேக்கப்பில் எந்தப் பாட்டு கெட்டது என்று ஒவ்வொன்றையும் கேட்டுப்பார்க்காமலே தெரிந்துகொள்ளலாம். எம்பி3-இல் இந்தக் கொடுப்பினை இல்லை.

மணிக்கணக்கு சுழியம் என்று இருந்தாலும் உடனே நம்பிவிடாதீர்கள். 2025 தொடக்கத்தில், பழைய டிஸ்க்குகளின் கணக்கை அழித்துப் புதியவை என்று விற்றது ஜெர்மனியில் பெரிய செய்தியானது. சில டிஸ்க்குகளில் உள்ளே இருக்கும் இன்னொரு பதிவேடுதான் அந்தக் குட்டை உடைத்தது. நம் கடைக்காரர் அந்தச் சிரமம்கூடப் படவில்லை. மண்டபத்து ஆளுக்கு எதற்கு என்று நினைத்திருப்பார் போலும்.

“டிஸ்க்கைக் கொண்டு வாருங்கள், ரூ.15,000-க்கு மீட்டுத் தருகிறோம்” என்றும் அதே கடையில் கேட்டார்கள். கொடுக்கவில்லை. அந்த வேலையைத் தூசியில்லாத அறையில் செய்யவேண்டும். மின்விசிறிக்கு அடியில் மேசைமேல் திறந்தால் மிச்சமிருப்பதும் போகும்.

மாமாவின் அம்பாப் பாட்டுகள் தப்பின. சார்ஜாவில் இருக்கும் மச்சானுக்கு முன்பு ஒரு டிஸ்க்கில் போட்டு அனுப்பியிருந்தேன், அவர் அதை அழிக்கவில்லை. அதற்குப் பிறகு மாற்றிய நாகஸ்வர நாடாக்களில் பாதி போயேவிட்டது. இப்போது மூன்று பிரதி: சர்வரில் ஒன்று, மாதம் ஒருமுறை மட்டும் மாட்டி எடுத்துவிடும் டிஸ்க்கில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று. வீட்டில் இருக்கும் டிஸ்க்கை ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வைக்கிறேன்.

கடைக்காரர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். அதிலும் அசையாததால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். வாங்கிய பொருளின் விலை ரூ.5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போகவேண்டும். மனு நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. எதிர்த்தரப்பு இப்போது சொல்வது, “அந்த டிஸ்க் நாங்கள் விற்றதே இல்லை” என்று. பில்லில் அவர்கள் எழுதியிருப்பது “கம்ப்யூட்டர் உதிரி பாகம் – 3” என்ற ஒரே வரி. பெட்டியைப் பூட்டுவதற்கு முன் டிஸ்க்கின் சீரியல் நம்பரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்கிற கடையில் வாங்காதீர்கள்.