விண்கல் ஆய்வுக்குத் தனியார் பணம்: எந்த வழி நல்லது?

1930களில் அமெரிக்காவில் ஹார்வி நினிங்கரும் ஆஸ்கர் மோனிக்கும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். விண்கற்களைத் தேடி வாங்கிச் சேர்த்தார்கள். அதற்குப் பணம் வந்த வழிதான் வேறு.

நினிங்கர் கான்சாஸில் கல்லூரி ஆசிரியர். 1923-ல் வானில் ஒரு தீக்கோளம் பாய்ந்ததைப் பார்த்ததிலிருந்து அவருக்கு அதே நினைப்பு. 1930-ல் வேலையை விட்டுவிட்டு டென்வருக்குக் குடிபோனார். ஊர் ஊராகச் சொற்பொழிவு செய்து, உழும்போது கனமான விசித்திரக் கல் ஏதாவது கிடைத்தால் சொல்லுங்கள் என்று விவசாயிகளிடம் கேட்பார். விண்கல்தான் என்று தெரிந்தால் காசு கொடுத்து வாங்குவார். அந்தச் செலவை ஈடுகட்ட, கற்களை அறுத்துத் துண்டுதுண்டாக விற்றார். 1946-ல் அரிசோனாவில் விண்கல் மோதி உண்டான பெரிய பள்ளத்துக்கு அருகே சொந்தமாக அருங்காட்சியகம் திறந்து, நுழைவுக் கட்டணத்தில் காலம் தள்ளினார். கடைசியில் சேகரிப்பையே விற்க வேண்டிவந்தது. 1958-ல் ஒரு பகுதி 1,40,000 டாலருக்கு பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனது. மீதி 1960-ல் 2,75,000 டாலருக்கு அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு.

மோனிக்குக்கு இந்தத் தவிப்பு இல்லை. டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் குடும்பத்து ஜவுளி வியாபாரம் நன்றாக நடந்தது. வாங்கியதை விற்றுத்தான் அடுத்ததை வாங்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. 1978 முதல் 1986 வரை கற்களை டெக்சாஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்துவிட்டார். இன்று அங்கே அவர் பெயரில் பேராசிரியர் பதவியும் இருக்கிறது.

தேடலில் நினிங்கரை மிஞ்ச ஆளில்லை. ஆனாலும் என் ஓட்டு மோனிக்கின் வழிக்குத்தான். ஐம்பது வருடம் கழித்து புதுக் கருவியோடு ஒருவர் வந்து அதே கல்லைக் கேட்பார்; அப்போது அது அறுபடாமல், எங்கே கிடைத்தது என்ற குறிப்போடு ஓரிடத்தில் இருக்க வேண்டும். இதில் ஒரு குறையும் உண்டு. எல்லாம் ஒரே மனிதரின் மனதையும் வசதியையும் நம்பியது.

சரி, இன்றைய சந்தை? அதை மொத்தமாக ஒதுக்க முடியாது. 'பிளாக் பியூட்டி' என்ற 320 கிராம் செவ்வாய்க் கல் (செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்து விழுந்த விண்கல்) மொராக்கோ வியாபாரிகள் வழியாக வந்ததுதான். ஓர் அமெரிக்க மருத்துவர் அதை வாங்கி நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குக் கொடுத்தார். மற்ற செவ்வாய்க் கற்களைவிடச் சுமார் பத்து மடங்கு நீர் அதில் இருப்பது 2013-ல் வெளியானது. சந்தையில் வாங்கியவர் ஆய்வகத்தை மனதில் வைத்திருந்தால் இப்படி நடக்கும்.

ஏலக்கூடம் வேறு கதை. நைஜரில் கிடைத்த 24.67 கிலோ செவ்வாய்க் கல் 2025 ஜூலையில் சோத்பீஸ் ஏல நிறுவனத்தில் சுமார் 53 லட்சம் டாலருக்குப் போனது. எந்த அருங்காட்சியகம் இந்த விலைக்கு ஈடுகொடுக்கும்? கல் நாட்டைவிட்டு எப்படி வெளியேறியது என்று நைஜர் அரசு விசாரணையில் இறங்கியது. புது விண்கல்லுக்கு அதிகாரபூர்வமாகப் பெயர் பதிய, அதில் 20 கிராம் அல்லது மொத்த எடையில் 20 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதை ஓர் ஆய்வு நிறுவனத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. இவ்வளவு பெரிய கல்லுக்கு 20 கிராம் என்பது ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்த விதியை மாற்றியே ஆக வேண்டும்.

கல்லே வாங்காமலும் பணம் போடலாம். அரிசோனா பள்ளத்தின் சொந்தக்காரர்களான பாரிங்கர் குடும்பத்தின் நிதி, விண்கல் மோதி உண்டான பள்ளங்களை ஆராயும் மாணவர்களின் களப்பணிக்கு உதவுகிறது. ஆளுக்குச் சில ஆயிரம் டாலர்தான். அந்த ஏலத் தொகையில் தலைக்கு 5,000 டாலர் என்று கொடுத்தால் ஆயிரம் மாணவர்களைக் களத்துக்கு அனுப்பலாம்.