ஜிவை-271 காந்தமானி: வாங்கலாம், ஆனால் சுழற்றிப் பார்க்காமல் நம்பாதீர்கள்

மட்டக்களப்பு வாவியில் ஓடும் தோணி ஒன்றுக்குச் சின்னதாகத் திசைகாட்டி செய்ய இந்த மொடியூலை இணையத்தில் வாங்கினேன். அதில் இருக்கும் சென்சர் சிப் என்று விற்றவர் போட்டிருந்தது எச்எம்சி5883எல், வந்தது கியூஎம்சி5883எல். சிப்பின் மேல் டிஏ5883 என்று இருந்தால் இதுதான். ஐ2சி முகவரியும் (போர்ட் சிப்பைக் கூப்பிடும் எண்) பதின்ம எண்ணில் 30 இல்லை, 13. எச்எம்சிக்கு எழுதிய பழைய லைப்ரரியை (ஆயத்த நிரல்) போட்டால் சென்சரையே காணாது.

சரி, உரிய லைப்ரரி போட்டதும் வேலை செய்தது. ஆனால் பெட்டி பிரித்த கையோடு அது காட்டும் வடக்கை நம்பினால் கல்லடிக்குப் போகிறவர் வவுணதீவில் இறங்க வேண்டியதுதான்.

நம் ஊரில் பூமியின் காந்தப்புலம் சுமார் 0.4 காஸ் (காந்தப்புலத்தை அளக்கும் அலகு). 8 காஸ் வரை அளக்கும் வரம்பில் இந்தச் சிப் ஒரு காஸுக்கு 3000 எண் தரும், ஆகவே எந்தப் பக்கம் திருப்பினாலும் மூன்று அச்சின் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 1200க்குக் கிட்ட வர வேண்டும். என்னுடையது திசைக்குத் திசை மாறியது. எல்லாப் பக்கமும் சுழற்றி, ஒவ்வோர் அச்சிலும் வந்த உச்சத்தையும் தாழ்வையும் கூட்டி, இரண்டால் பிரித்து, அதை அந்த அச்சின் அளவிலிருந்து கழித்ததும் பெரும்பாலும் அடங்கிவிட்டது.

பலர் மேசையில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றி முடித்துவிடுகிறார்கள். இங்கே அது சரிவராது. பூமியின் காந்தப்புலம் கிடையாக இருக்கும் காந்த நடுக்கோடு நமக்குக் கிட்டத்தான் போகிறது, புலம் ஏறக்குறையக் கிடையாகவே இருக்கிறது, தட்டையாகச் சுற்றினால் மேல்-கீழாக நிற்கும் இசட் அச்சுக்கு ஒன்றுமே பிடிபடாது. நிமிர்த்தி, கவிழ்த்து, சரித்து எல்லாப் பக்கமும் சுற்றுங்கள். அதே காரணத்தால் லாபமும் உண்டு: தோணி பத்துப் பாகை சரிந்தாலும் இங்கே திசை ஒரு பாகை அளவுதான் பிசகும், லண்டனில் என்றால் இருபது வரை போகலாம்.

வீட்டுக்குள் செய்ய வேண்டாம். கொங்கிறீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியும் புலத்தைக் குழப்பும், ஆனால் அது மொடியூலோடு சேர்ந்து சுழலாது, அதனால் எந்தக் கணக்காலும் அதைக் கழிக்க முடியாது. நான் கல்லடிக் கடற்கரை மணலில், போனையும் மோட்டார் சைக்கிளையும் தள்ளி வைத்துவிட்டுச் செய்தேன். (1924இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தில் நின்று வடக்குத் தேடுவது வேறு கதை.) தோணியில் பூட்டிய பிறகு பற்றரியும் எஞ்சினும் பக்கத்தில் வந்துவிடும், மறுபடி திருத்தத்தான் வேண்டும். தோணியைக் கவிழ்க்க முடியாதுதான், ஆனால் வாவியில் ஒரு முழு வட்டம் அடித்தால் எக்ஸ், வை இரண்டும் திருந்திவிடும், திசைக்கு அவைதான் முக்கியம்.

வெயிலில் சூடேறினால் அளவு கொஞ்சம் நகரும். ஆழ்கடல் படகுக்கு இதை மட்டும் நம்ப வேண்டாம், படிக்கிற பிள்ளைகள் தாராளமாக வாங்கலாம். எச்எம்சிதான் வேண்டும் என்பவர்கள் காசு கொடுக்குமுன் சிப்பின் படத்தைக் கேளுங்கள்.