ஜிம்மில் கொடுக்கும் லேபிள் இல்லாத பவுடரை வாங்காதீர்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் இதைக் கட்டாயம் படியுங்கள். என் தம்பிக்கு நடந்தது இது.

சின்ன வயசிலிருந்தே அவன் ஒல்லி. வகுப்பில் 'ஓமக்குச்சி' என்றுதான் கூப்பிடுவார்கள். தேவனாம்பட்டினம் பீச்சுக்குப் போனால்கூடச் சட்டையைக் கழற்ற மாட்டான். மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜிம்மில் சேர்ந்தான். சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அங்கிருந்த மாஸ்டர், "தம்பி, வெறும் சோத்துக்கெல்லாம் உன் உடம்பு ஏறாது. என்கிட்ட ஒரு வெயிட் கெயினர் இருக்கு, கடையில கிடைக்காது" என்று ஒரு வெள்ளை டப்பாவைக் கொடுத்திருக்கிறார். அதில் கம்பெனி பேர் இல்லை, தேதி இல்லை, ஒன்றுமே இல்லை. பில் கேட்டால், "நமக்குள்ள எதுக்குப்பா பில்லு?" பணம் போனது அவருடைய சொந்த ஜிபே நம்பருக்கு.

உடம்பு ஏறியது உண்மைதான். அடங்காத பசி. முகம் உருண்டையாகிவிட்டது. "இப்பதான் பாக்க ஆளா இருக்கான்" என்று தெருவே சொன்னது. அம்மாவுக்கும் அத்தனை சந்தோஷம். ஆனால் சதை போட்டதெல்லாம் முகத்திலும் வயிற்றிலும்தான். கையும் காலும் அப்படியே இருந்தன. முதுகெல்லாம் பரு, ராத்திரியில் தூக்கம் இல்லை, மாடிப்படி ஏறத் தொடையில் பலம் இல்லை.

பரீட்சை சமயத்தில் கையில் காசில்லாமல் பவுடரை நிறுத்தினான். அப்புறம்தான் ஆபத்தே வந்தது. வாந்தி, தலைசுற்றல், எழுந்து நிற்கவே முடியவில்லை. புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். முகத்தைப் பார்த்ததுமே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன பவுடர் சாப்பிடறே?"

காலையில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கார்டிசால் (சிறுநீரகத்துக்கு மேலிருக்கும் அட்ரீனல் சுரப்பி சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன்) மிகவும் குறைவு. டாக்டர் விளக்கினார்: இந்த மாதிரிப் பவுடர்களில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டைக் கலந்துவிடுகிறார்கள். அது பசியைக் கிளப்பும், உடம்பில் நீரையும் கொழுப்பையும் சேர்க்கும், ஆனால் தசையைக் கரைக்கும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருப்பதால் அட்ரீனல் சுரப்பி கார்டிசால் சுரப்பதை நிறுத்திவிடும். திடீரென்று பவுடரை நிறுத்தினால் உடம்புக்கு வெளி ஸ்டீராய்டு, சொந்தக் கார்டிசால் இரண்டும் இல்லாமல் போய், ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். இப்போது கார்டிசாலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை கொடுத்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறார்கள்.

ஜிம்மில் போய்க் கேட்டோம். "நான் எந்தப் பவுடரும் விக்கலையே, அவன் எங்க வாங்குனானோ" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் மாஸ்டர். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பையன் அதே மாதிரி டப்பாவோடு வெளியே போகிறான். வயிறு எரிந்தது.

ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, டப்பாவில் மிச்சமிருந்த பவுடர் எல்லாவற்றையும் வைத்து மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்திருக்கிறோம். நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்தாயிற்று. இந்தியாவில் விற்கும் எந்த உணவுப் பாக்கெட்டிலும் 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் இருக்க வேண்டும். அது இல்லாததை யார் கொடுத்தாலும் கையில் வாங்காதீர்கள்.

உடம்பு தேற்ற டப்பாவே தேவையில்லை. 55 கிலோ எடையுள்ள பையனுக்கு ஒரு நாளைக்கு 46 கிராம் புரதம் போதும். கடுமையாகப் பயிற்சி செய்தால் கொஞ்சம் கூட வேண்டியிருக்கும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 7 கிராம், மத்தி மீன் 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம். நம்ம கடலூர் துறைமுகத்தில் மீனுக்கா பஞ்சம்? உடம்பை ஏற்றப் புரதப் பவுடர் வேண்டாம் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே 2024 உணவு வழிகாட்டியில் சொல்லியிருக்கிறது.

ஏற்கெனவே இந்த மாதிரிப் பவுடர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறீர்களா? பயந்துபோய் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். இன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், போகும்போது டப்பாவையும் எடுத்துப் போங்கள். வீட்டில் சொல்லப் பயமாக இருந்தால் அக்காவிடமோ அண்ணனிடமோ சொல்லி, கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.